இரண்டு எஸ்ரா கல்பின்கள்

கிளிபோட் அருள்நாயகத்தின் முழுப் பெயர் கிளிபோட் எஸ்ரா கல்பின் அருள்நாயகம். நடுவிலுள்ள இரண்டு பெயர்களும் ஓர் அமெரிக்கருடையவை. அவர் நியூயோர்க் மாநிலத்து வழக்கறிஞர், அரசியல்வாதி, அந்த நாட்டில் வடக்கும் தெற்கும் அடிபட்ட உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கேர்ணல். கிளிபோட் 1932இல் உடுவில் பக்கத்தில் பிறந்தவர், கொழும்பில் சுங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், 1986இலிருந்து ரொறன்ரோவில் ஒரு கார்த் தரிப்பிடத்தின் கூண்டுக்குள் இருப்பவர். இருவருக்கும் இரத்த உறவு இல்லை. இதை நான் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கிளிபோட் இதைக் கடைசியில்தான் சொல்வார். கேட்பவர் எழுந்து போய்விட்டால் சொல்லவே மாட்டார்.

பெயர் வந்த வழி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிகள் நடத்தினார்கள். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் யாராவது வருடாவருடம் காசு அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தின்போது தாம் விரும்பிய பெயரை வைக்கச் சொல்லலாம். பெரும்பாலானோர் தங்கள் பெயரையே வைக்கச் சொன்னார்கள். இப்படித்தான் பனங்காணிக்கு நடுவே வேறு யாரோ வெள்ளைக்காரரின் பெயரோடு வேட்டி கட்டிய மனிதர்கள் நடமாடினார்கள். கிளிபோட்டின் பூட்டன் வினாசித்தம்பி என்ற பெயரோடு பள்ளிக்கூடத்துக்குள் போனார், எஸ்ரா கல்பினாக வெளியே வந்தார். அயலட்டை அவரைக் கல்பினார் என்றது. அதன் பிறகு அந்த வீட்டில் மூத்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊரில் நான் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்தபோதே எனக்குக் கிளிபோட்டைத் தெரியும். நெருங்கிப் பழகியது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகளுக்குப் பின்னால் இருந்த காலத்தில்தான். நெட்டையான மனிதர். நிமிர்ந்து நிற்பார். ஐம்பது வயதில் தாடி வளர்த்தார். புத்தகங்களில் பார்த்த அந்தக் காலத்து அமெரிக்கக் கேர்ணல்மார் எல்லோருக்கும் தாடி இருந்தது, ஆகவே எங்கள் கேர்ணலுக்கும் இருந்திருக்கும் என்பது அவருடைய வாதம். தாடிக்குக் காரணம் கேர்ணல், கேர்ணலின் தாடிக்குக் காரணம் புத்தகம். இதற்கு மேல் ஆதாரம் கேட்டால் கோபம் வரும்.

கிளிபோட் சொல்லும் கேர்ணலின் சரித்திரம் சுருக்கமானது. வழக்கறிஞராக ஏழைகளுக்காக வாதாடினார். மக்கள் கேட்டுக்கொண்டதால் மட்டும் தேர்தலில் நின்றார். போர் வந்ததும் வழக்குக் கட்டுகளை மேசையில் வைத்துவிட்டு வாளை எடுத்தார். எல்லோரும் பின்வாங்கியபோது ஒரு பாலத்தைத் தனியே காத்து நின்றார். இவ்வளவுக்கும் நடுவில் கடல் கடந்த ஓர் ஏழைப் பிள்ளையைப் படிப்பித்தார். பூட்டனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அவர் பெரிய நொத்தாரிசு, காணி உறுதி எழுதினவர்" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு மறுபடி பாலத்துக்குப் போய்விடுவார்.

கேர்ணலைப் பின்பற்றி வாழ்வதால் வரும் இடைஞ்சல்களை அவருடைய மனைவி குணவதிதான் அனுபவித்தார். ஒருமுறை எங்கள் கட்டடத்தில் மூன்று லிப்ட்டும் பழுதாகின. கிளிபோட் கீழே படிக்கட்டின் முதல் படியில் ஏறி நின்று, வாடகைக்காரர் உரிமை பற்றி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். நல்ல கூட்டம். எரித்திரியர்கள், பிலிப்பினோக்கள், எங்கள் ஆட்கள் எல்லோரும் சாமான் பைகளோடு நின்று கேட்டார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போது லிப்ட் ஒன்று திருந்திவிட்டது. மணிச் சத்தம் கேட்டதும் கூட்டம் முழுவதும் அதற்குள் ஏறிப் போய்விட்டது. குணவதி கடைசி ஆளாக உள்ளே நுழைந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, வாறியளோ, இல்லாட்டி முடிச்சுப்போட்டு வாறியளோ?" என்று கேட்டார். கிளிபோட் முடித்துவிட்டுத்தான் வந்தார். அப்போது அவருக்கு முன்னால் நின்றவன் நான் ஒருவன்தான்.

வேலையிடத்திலும் அப்படித்தான். சீட்டு இல்லாமல் எந்தக் காரையும் வெளியே விடக் கூடாது என்பது தரிப்பிடத்தின் விதி. ஒருநாள் முதலாளி தன் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தார். கிளிபோட் தடையை உயர்த்தவில்லை. முதலாளி ஹோர்ன் அடித்தார். கிளிபோட் கூண்டுக்குள் எழுந்து நின்று மரியாதையாகத் தொப்பியைத் தொட்டாரே தவிர, தடை உயரவில்லை. வேலை போகாததற்குக் காரணம், அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவு நேர்மையான ஆள் வேறு கிடைக்க மாட்டார் என்று முதலாளிக்குப் பிற்பாடு விளங்கியதுதான்.

ஒரே பிள்ளை மெலனி. பெண்பிள்ளையானதால் கல்பின் பெயரிலிருந்து அந்த வீடு தப்பிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். மெலனி ஜனார்த்தனைக் கல்யாணம் செய்து ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் வீடு வாங்கினாள். கிளிபோட்டும் குணவதியும் பக்கத்துத் தெருவுக்கு மாறினார்கள். ஒரு வருடம் கழித்து என்னையும் அங்கே இழுத்துக்கொண்டார்கள். 1996 சித்திரை மாதத்தில் மெலனிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே கிளிபோட் பிள்ளையை, "எஸ்ரா" என்று கூப்பிட்டார்.

பக்கத்தில் ஜனார்த்தனின் தாயார் புனிதவதி நின்றார். அவருக்குப் பிள்ளையின் நட்சத்திரம் அவிட்டம் என்பதும், அதற்குரிய எழுத்துகள் எவை என்பதும், அந்த எழுத்தில் கீதன் என்ற பெயர் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதும் பிள்ளை பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தெரிந்திருந்தன.

"எஸ்ராவோ? அது பொம்பிளைப் பேரல்லோ, சம்மந்தி?" என்று அவர் கேட்டார்.

"வேதாகமத்திலை இருக்கு," என்றார் கிளிபோட்.

"வேதாகமத்திலை பிள்ளையளைக் கொல்லுவிச்ச ஏரோதும் இருக்கிறார் எண்டு சொல்லுவினம்."

இது தொடக்கம். இதற்குப் பிறகு இருவரும் தொட்டிலுக்கு இரு பக்கமும் இருந்து இரு பெயர்களால் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பிள்ளை இரண்டுக்கும் அழுதது. பிறப்பைப் பதியும் பத்திரம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. பெயர் வைத்தாக வேண்டும், காலம் போய்க்கொண்டிருந்தது. ஜனார்த்தன் தாய்க்கும் மாமனுக்கும் இடையில் அகப்பட்டு, வேலை முடிந்ததும் பிந்தி வரத் தொடங்கினான். என்னிடம் தொழில்முறை அபிப்பிராயம் கேட்டார்கள். பெயர் வைப்பது பெற்றோர், பதிவாளர் எழுதுவார், அவ்வளவுதான் என்றேன். ஒருவருக்கும் இந்தப் பதில் பிடிக்கவில்லை.

மெலனிக்கு அப்பாவின் முகம் தெரியும். கல்பின் பெயர் இல்லாமல் போனால் அப்பா தொட்டிலடியிலிருந்து எழுந்து போய் ஒரு மூலையில் இருப்பார், பிறகு பாலத்தைப் பற்றியும் பேச மாட்டார் என்பதும் தெரியும். மறுபக்கம் அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போகப்போவது அவளுடைய பிள்ளை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"அப்பா, லிசின். ஸ்கூலிலை ஹூ வோஸ் ஹீ எண்டு கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? கேர்ணலின்ரை ஊர் எல்லை தாண்டிப் பவலோவுக்கு அங்காலை கிடக்கு. ஒருநாள் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ. நல்ல மனிசர் எண்டால் நான் எஸ்ரா எண்டு வைக்கிறன். இல்லையெண்டால் கீதன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் சண்டை பிடிக்கேலாது. டீல்?"

"நல்ல மனிசரோ எண்டு பாக்கவோ? பாலத்தைக் காத்த மனிசரையோ?"

"டீலோ, இல்லையோ?"

"டீல்," என்றார் கிளிபோட். அவருக்குக் கொஞ்சமும் பயமில்லை. புனிதவதி தான் கேட்டது சரிதானா என்று ஜனார்த்தனிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு, நிம்மதியாகக் குழம்பை ஊற்றினார். அமெரிக்க வழக்கறிஞர், அதிலும் அரசியல்வாதி, நல்ல மனிசராக இருக்கவா போகிறார்? புனிதவதிக்கும் பயமில்லை.

அந்த ஊரை இங்கே பெல்டன் என்று எழுதுகிறேன். மெலனி தொலைபேசியில் விசாரித்து, அங்கே நூலகத்தின் பின்னால் ஒரு சரித்திரச் சங்கம் உண்டு, சனிக்கிழமைகளில் திறந்திருக்கும் என்று அறிந்தாள். மே மாதத்து நீண்ட வாரவிடுமுறையில் ஜனார்த்தன் தன் கொரோலாவில் எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். கிளிபோட் முன் சீட்டில், கழுத்துப்பட்டியோடு. நான் பின்னால், குணவதி கட்டித்தந்த இடியப்பத்தோடும் சம்பலோடும்.

எல்லைப் பாலத்தில் அதிகாரி எதற்காகப் போகிறோம் என்று கேட்டார். ஜனார்த்தன் வாய் திறக்குமுன் கிளிபோட் எட்டிப்பார்த்து, எங்கள் குடும்பத்துக் கேர்ணலைப் பார்க்கப் போகிறோம் என்றார். கேர்ணல் எங்கே வேலை செய்கிறார் என்று அதிகாரி கேட்டார். அவர் இறந்து நூறு வருடம் என்றார் கிளிபோட். நான் பின்னாலிருந்து, தொண்ணூற்றொன்பது என்று திருத்தினேன். அதிகாரி எங்களை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இடியப்பம் உட்பட எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஜனார்த்தன் காரை மறுபடி பாதைக்கு எடுத்தான். பிறகு, "மாமா, திரும்பி வரேக்கை நான் மட்டும் கதைக்கிறன்," என்று மாத்திரம் சொன்னான். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

சரித்திரச் சங்கம் என்பது இரண்டு அறைகள். ஒன்றில் வெண்ணெய் கடையும் மத்துகளும் குதிரைச் சேணங்களும் கிடந்தன, மற்றதில் மிஸிஸ் ஹஸ்கல் இருந்தார். எண்பது வயதிருக்கும். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மூன்று தமிழர்கள் கழுத்துப்பட்டியும் சாப்பாட்டுப் பையுமாக உள்ளே வந்து எஸ்ரா கல்பின் என்று கேட்டதும், அவர் தன் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "அவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை" என்று சொல்லி, சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். அங்கே நடந்த பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

படத்தில் இருந்தவர் குள்ளமான மனிதர். தாடி இல்லை. மீசையும் இல்லை. சீருடை அவருக்குப் பெரிதாக இருந்தது, யாரோ தமையனுடையதைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல. கிளிபோட் படத்துக்கு முன்னால் நெட்டையாக, தாடியோடு நின்றார். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் யார் கேர்ணல் என்பதில் சந்தேகமே வந்திராது.

"இது இளமையிலை எடுத்ததாயிருக்கும்," என்று கிளிபோட் எனக்குக் காதோடு சொன்னார். கீழே 1889 என்று எழுதியிருந்தது. போர் முடிந்து இருபத்துநாலு வருடம்.

மிஸிஸ் ஹஸ்கலுக்குக் கேர்ணலின் வாழ்க்கை மனப்பாடம். அதை அவர் சொன்ன விதத்தில் மரியாதை அதிகம் இருக்கவில்லை. தன் மாமனைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

வழக்கறிஞர் கல்பின் நீளமாகப் பேசுவதற்குப் பெயர் போனவர். அறுவடைக் காலத்தில் அவரிடம் வழக்குக் கொடுத்தால் வெற்றி நிச்சயம். ஜூரிகள் எல்லோரும் கமக்காரர்கள். எந்தத் தீர்ப்பைச் சொன்னால் வீட்டுக்குப் போகலாமோ அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு குதிரைத் திருடனுக்காக ஒரு முழு நாள் வாதாடி அவனை விடுவித்தார். வெளியே வந்து பார்த்தால் கல்பினின் குதிரையைக் காணோம், திருடனையும் காணோம். எங்கள் பக்கத்து நீதிமன்றங்களிலும் இப்படி வழக்குப் பேசும் புறக்டர்மாரைக் கண்டிருக்கிறேன், ஆகவே எனக்கு ஆச்சரியமில்லை.

அரசியலில் அவர் மூன்று கட்சிகளில் இருந்தார். கட்சி மாறியபோதெல்லாம் தான் மாறவில்லை, கட்சிதான் மாறியது என்று ஊர்ச் சந்தையில் நின்று விளக்கம் சொல்வாராம். போர் தொடங்கியதும் படைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவருக்குப் பதவி கிடைத்தது. கல்பின் ஒரு பீப்பாய் சாராயத்தோடு கிராமங்களைச் சுற்றி வந்தார். மாதம் முடியுமுன் படையும் இருந்தது, அவர் அதற்குக் கப்டனும் ஆனார். அவருக்கு மேலே இருந்தவர்கள் காய்ச்சலில் விழ விழ, இவர் ஒவ்வொரு படியாக ஏறிக் கேர்ணலானார்.

"பாலம்?" என்று கிளிபோட் கேட்டார்.

"உங்களுக்கும் பாலம் தெரியுமா?" மிஸிஸ் ஹஸ்கலுக்கு மகிழ்ச்சி. "பாலம் உண்மை. மற்றப் படைகளெல்லாம் பின்வாங்கிவிட்டன, கல்பினின் படை மட்டும் மத்தியானம்வரை பாலத்தில் நின்றது. பின்வாங்கச் சொல்லும் உத்தரவைக் கொண்டுவந்தவனுக்குக் கேர்ணலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உணவு வண்டிக்குள் மாமூட்டைக்கு மேலே நித்திரை. எழும்பி வந்து பார்த்தால் அவர் வீரராகிவிட்டார்."

அந்தப் பாலத்தின் பெயரால் மாநிலச் சபைத் தேர்தலில் வென்றார். அடுத்த தேர்தலில் உத்தரவு கொண்டுபோனவன் எதிர்க்கட்சி மேடையில் ஏறி மாமூட்டைக் கதையைச் சொன்னான். அத்தோடு அரசியல் முடிந்தது. பிறகு முப்பது வருடம் போரில் இறந்தவர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் வாங்கிக் கொடுக்கும் வழக்குகள் பேசினார். அங்கேயும் நீளப் பேச்சுத்தான். அதிகாரிகள் தாங்க முடியாமல் கையெழுத்துப் போட்டார்கள். அவர் செய்த நல்ல காரியம் என்றால் இதுதான் என்று மிஸிஸ் ஹஸ்கல் சொன்னார். பிள்ளை இல்லை. மனைவி அவரைவிட்டுத் தங்கையோடு இருக்கப் போய்விட்டார்.

ஜனார்த்தன் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. கிளிபோட்டின் முகம் சிவந்திருந்தாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசித் துருப்பை எடுத்தார். கேர்ணல் எப்படியிருந்தாலும் இலங்கையில் ஓர் ஏழைப் பிள்ளையைப் படிப்பித்தார், அந்தப் பிள்ளை என் பூட்டன், எங்களுக்கு இந்தப் பெயர் வந்தது அப்படித்தான் என்றார்.

மிஸிஸ் ஹஸ்கல் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்படியானால் அவன் உண்மையில் இருந்தானா?" என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்னது இது. காசு அனுப்பியவர் எஸ்ரா கல்பின் அல்ல, அவருடைய தாய் அபிகேல். எஸ்ராவுக்குப் பதினாறு வயதில், போதகரின் பசுவைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டான். போதகர் அந்தக் காசில் மிஷனுக்குக் காணிக்கை போடும்படி சொல்லி மன்னித்தார். தாய்க்கு அது ஆறவில்லை. முட்டை விற்ற காசைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் ஒரு பிள்ளையைப் படிப்பித்தாள். அவனுக்கும் எஸ்ரா கல்பின் என்றே பெயர் வைக்கச் சொன்னாள். நம்மவர்கள் பிள்ளை குணப்பட வேண்டுமென்று கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். இந்த மனிசி ஒரு படி மேலே போய், முதல் பிள்ளையைக் கைவிட்டு, அதே பெயரில் மறுபடி ஒன்றைத் தொடங்கிப் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மகன் கட்சி மாறினாலும் குதிரையைத் தொலைத்தாலும், அபிகேல் தேவாலய வாசலில் நின்று ஒரே வசனத்தைத்தான் சொல்வாளாம்: "எனக்கு இரண்டு எஸ்ரா. நான் காணாதவன் நல்லவன்." ஊரில் ஒருவரும் அந்த நல்லவனைக் கண்டதில்லை. பாவம், கிழவி கற்பனை செய்கிறாள் என்று நினைத்தார்கள். காலப்போக்கில் பெல்டனில் அது ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. யாராவது தங்களுக்கு வரப்போகிற பெரிய அதிர்ஷ்டத்தைப் பற்றி அளந்தால், "ஓ, நல்ல எஸ்ராவா?" என்று கேட்பார்கள்.

"சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்," என்றார் மிஸிஸ் ஹஸ்கல். அவர் கிளிபோட்டின் கையைப் பிடித்திருந்தார். "சொல்லுங்கள். அவள் நம்பியதுபோல் அவன் நல்லவன்தானா?"

அங்கே நின்ற எங்களில் இருவருக்கு அதன் பதில் தெரியும். எனக்குத் தெரியும் என்பது கிளிபோட்டுக்குத் தெரியாது. பதிவாளர் வேலையில் பழைய இறப்புப் பதிவுகளைப் பார்க்கும்போது, நொத்தாரிசு கல்பினார் எழுதிய ஓர் உறுதியின் நகலையும் நான் பார்க்க நேர்ந்தது. அதில் காணியை விற்று ஆவணி மாதத்தில் கைநாட்டு வைத்தவர், என் அலுவலகத்துப் பழைய பதிவின்படி அதே வருடம் சித்திரையில் இறந்துபோனவர். கல்பினாரின் உறுதிகளில் இறந்தவர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அதற்கு முன்பு மிஷனில் உபதேசியாராக இருந்தவர், சீதனக் காணிக்காகத் திருநீறு பூசித் தாலி கட்டியதால் வேலையிலிருந்து விலக்கப்பட்டவர். நொத்தாரிசுப் பத்திரத்தையும் பிறகு பறித்தார்கள். இதையெல்லாம் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இறந்தவர்களைப் பதிவது என் வேலை. அவர்களைப் பற்றிக் கதைப்பது அல்ல.

கிளிபோட் ஒரு "ஓம்" சொல்லியிருந்தால் போதும். கிழவியும் சந்தோஷப்பட்டிருப்பார். வீட்டில் மெலனிக்குக் கொண்டுபோவதற்கு ஒரு நல்ல எஸ்ராவும் கிடைத்திருப்பார். அமெரிக்கர் இல்லையென்றால் உடுவிலார். நாங்கள் மூவரும் கிளிபோட்டைப் பார்த்தோம். அவர் சுவரிலிருந்த குள்ள மனிதரைப் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் நிற்பதுபோல் நிமிர்ந்தார்.

"இல்லை, மேடம்," என்றார். "அவரும் அப்படித்தான். செத்தவர்களைக் கொண்டு கள்ள உறுதி எழுதினார். மிஷனிலிருந்து கலைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு வளவுக் காணி இன்றைக்கும் அவரால் வழக்கில் கிடக்கிறது."

மிஸிஸ் ஹஸ்கல் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஜனார்த்தன் தண்ணீர் எடுக்க ஓடினான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பாவம் அபிகேல்," என்றார், கண்ணைத் துடைத்தபடி. "அவ்வளவு முட்டை."

கிளிபோட்டும் சிரித்தார். அவரை நான் அப்படிச் சிரிக்கக் கண்டதில்லை. இடியப்பத்தை அங்கேயே பிரித்தோம். மிஸிஸ் ஹஸ்கல் சம்பலை ஒருமுறை ருசிபார்த்துவிட்டு, அதன் பிறகு இடியப்பத்தை மட்டும் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் எல்லையில் ஜனார்த்தன் மட்டும் பேசினான், அரை நிமிடத்தில் விட்டார்கள். சென் கத்தரின்ஸ் நகரைத் தாண்டியதும் அவன் தொடங்கினான்.

"மாமா, மெலனிக்கு எல்லாத்தையும் சொல்லத் தேவையில்லை. பாலத்திலை நிண்டவர், விதவைகளுக்கு உதவி செய்தவர். ரெண்டும் உண்மைதானே. அம்மாவை நான் சமாளிப்பன்."

நல்ல பிள்ளை. தாயோடு இருக்க வேண்டியவன் அவன்தான், இருந்தும் சொன்னான். கிளிபோட் ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தாடியைத் தடவினார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்தார்.

"அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார்.

"பவலோ தூரமில்லை. பிள்ளைக்கு ஒருநாள் லைசன்ஸ் கிடைக்கும், தானே போய்க் கேப்பான்," என்றேன்.



வீட்டில் புனிதவதி எங்களுக்கு முன்னால் வந்து இருந்தார். பிள்ளை மடியில். கீதன் என்று இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலனி கதவைத் திறந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். குணவதி குசினியிலிருந்து வந்து கையைத் துடைத்தபடி நின்றார். கிளிபோட் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, வரவேற்பறையின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சாராயப் பீப்பாயைச் சொன்னார். மாமூட்டையைச் சொன்னார். பசுவைச் சொன்னார். குணவதிக்கே இத்தனை வருடமாகச் சொல்லாத கள்ள உறுதியையும் சொன்னார். லிப்ட் முன்னால் பேசியதைவிட நன்றாகப் பேசினார். இந்த முறை ஒருவரும் எழுந்து போகவில்லை.

மெலனி சோபாவில் சரிந்து சிரித்தாள். "அப்பா, ஓ மை கோட். ரெண்டு பேருமோ?"

"ரெண்டு பேரும்தான்."

"உறுதி எழுதின ஆக்களிலை ஆர் சம்மந்தி ஒழுங்கு?" என்றார் புனிதவதி. அவர் சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தவர். எதிரி ஆயுதத்தை நிலத்தில் போட்டதும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மெலனி எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து பத்திரத்தை எடுத்தாள். சிரிப்பு நின்றிருந்தது. "அப்பா, டீல் டீல்தான். ஆனால் நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன விருப்பம்?"

கிளிபோட் பிள்ளையைப் புனிதவதியின் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். பிள்ளை அவருடைய தாடியைப் பிடித்தது.

"கீதன் எண்டு வையுங்கோ," என்றார். "வடிவான பேர். ஆரும் இன்னும் கெடுக்கேல்லை."

யாரும் எதிர்பாராதபடி புனிதவதி எதிர்த்தார். நாலு தலைமுறை வைத்திருந்த பெயர், பாவம், ஒரேயடியாக விட்டுவிடுவதா என்றார். நடுவில் போட்டால் என்ன, வீட்டில் கூப்பிடத் தேவையில்லை, கடதாசியில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். மெலனியும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் எழுதியிருப்பாள்.

"வேண்டாம், சம்மந்தி," என்றார் கிளிபோட். "நாலு காணும். மிச்சத்தை நான் வைச்சிருக்கிறன்."

மெலனி எழுதினாள். தபாலில் போடுமுன் பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாள். பிழை இல்லை. நடுப்பெயருக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தாள்.